கலெக்டர் லீவு விட்டால் லேப்புக்கும் லீவா? எல்லைத் தாலுகாக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர்களுக்கும், கணினி அறிவியல் துறைத் தலைவர்களுக்கும், பல்கலைக்கழக போர்டு ஆஃப் ஸ்டடீஸ் (பாடத்திட்டக் குழு) உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கேரளத்தின் தமிழக எல்லையில் உள்ள சித்தூர், தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை தாலுகாக்களில் நெட்வொர்க்கிங் பாடம் எடுப்பவர்களும் லேப் பார்த்துக்கொள்பவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. இங்குள்ள தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தந்திருக்கிறது. அந்த வழக்கப்படி உங்களுக்கும் தமிழிலேயே எழுதுகிறோம்.

நான்காண்டுப் பட்டப்படிப்பு 2024-இல் தொடங்கியதிலிருந்து செய்முறையில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரம். அதில் மழை எவ்வளவு தின்கிறது என்பதைப் பூப்பாறையிலிருந்தும் வண்டிப்பெரியாற்றிலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். காலவர்ஷம் என்ற தென்மேற்குப் பருவமழையில் ரெட் அலர்ட் வந்தால் கலெக்டர் லீவு. லீவு இல்லாத நாளில் கேப் ரோட்டில் மண் சரிவு. ஐப்பசி பிறந்தால் துலாவர்ஷம் என்ற வடகிழக்குப் பருவமழை, மத்தியானத்துக்கு மேல் இடியும் மின்வெட்டும். தியரி வகுப்பு எப்படியோ கூகுள் மீட்டில் ஓடிவிடுகிறது. லேப் என்னாகிறது? நெட்வொர்க்கைத் திரையில் நடித்துக் காட்டும் சிஸ்கோ மென்பொருளான பாக்கெட் ட்ரேசரில் ஒருவர் செய்துகாட்ட, மற்றவர்கள் வீடியோவாகப் பார்க்கிறார்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டே எல்லா ரெக்கார்டு நோட்டிலும் ஏறுகிறது. அதற்கு மார்க்கும் விழுகிறது.

இதைச் சரிசெய்ய விலை உயர்ந்த விர்ச்சுவல் லேப் மென்பொருள் வாங்கித் தாருங்கள் என்று கேட்க வரவில்லை. வாங்க வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம். ஐ5 பிராசசர், 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள ஒரு டெஸ்க்டாப் போதும். பல கல்லூரிகளில் அது ஸ்டோர் ரூமிலேயே கிடக்கிறது. 40 பேர் கொண்ட வகுப்பை அது தாங்கும். மாணவர் பக்கம் ஆண்ட்ராய்டு 7 அல்லது அதற்கு மேல் உள்ள ஒரு போன் இருந்தால் சரி. இரண்டுக்கும் நடுவில் படம் எதுவும் போகக்கூடாது, எழுத்து மட்டும் போக வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான எம்பியைத் தின்றுவிடும், சிக்னல் ஒரு கோடு குறைந்தாலே உறைந்தும் நிற்கும். தூரத்துக் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பாகக் கட்டளை அனுப்பும் எஸ்எஸ்எச் எழுத்துத் திரையில் ஒரு மணி நேரம் தட்டினாலும் சில எம்பிதான் ஆகும். வட்டவடையில் ஒற்றைக் கோடு சிக்னலிலும் அது நகரும். கேரள அரசின் கேஃபோன் இணைய இணைப்பு வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. வராதவர்களை மனதில் வைத்துத்தான் லேப்பை அமைக்க வேண்டும்.

ஒரே கம்ப்யூட்டருக்குள் 40 மாணவர்களுக்கும் ஆளுக்கு நாலு ரூட்டர் எப்படிக் கிடைக்கும் என்று கேட்பீர்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்ற வசதி இருக்கிறது. ஒரு நேம்ஸ்பேஸ் என்பது தனக்கென்று இன்டர்ஃபேஸ், ரூட்டிங் டேபிள், ஏஆர்பி டேபிள் (எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி என்ற பட்டியல்), ஃபயர்வால் எல்லாம் வைத்திருக்கும் தனி அறை. இரண்டு அறைகளை வீத் என்ற மெய்நிகர் கேபிளால் இணைக்கலாம். அதில் ஓடுவது நடிப்பு இல்லை. பல வீட்டு ரூட்டர்களில் ஓடும் அதே லினக்ஸ் டிசிபி ஐபி நிரல்தான். பாக்கெட் ட்ரேசரிலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில். அங்கே பாக்கெட் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நிரல் எழுதியவர் முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறார். சிஸ்கோ கட்டளைகள் பழகவும் விலான் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) படம் போட்டுக் காட்டவும் அது நல்ல கருவி, இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதிலேயே கிடந்தால், நிஜ நெட்வொர்க் நின்றுபோகும் அன்று மாணவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது.

சர்வரில் டெபியன் 13 அல்லது உபுண்டு 24.04 போடுங்கள். இரண்டிலும் இன்கஸ் என்ற கன்டெய்னர் மேலாளர் அவற்றின் சொந்தக் களஞ்சியத்திலேயே கிடைக்கும். மாணவருக்கு ஒரு கன்டெய்னர், அதாவது தனி லினக்ஸ் கம்ப்யூட்டர் போல நடக்கும் அடைப்பு. அதற்குள் அவர்தான் ரூட் யூசர், வெளியே அவருக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. கன்டெய்னருக்குள் நேம்ஸ்பேஸ் உருவாக்க வேண்டும் என்பதால் நெஸ்டிங் (அடைப்புக்குள் அடைப்பு) அனுமதியை இயக்க வேண்டும். அதை மறந்தால் நேம்ஸ்பேஸுக்குள் கட்டளை ஓட்டப் போகும்போது சிஸ் அடைவை மவுன்ட் செய்ய அனுமதி இல்லை என்று மறுக்கும். பிழைச் செய்தியில் நெஸ்டிங் என்ற சொல்லே இருக்காது, அதனால் தேடிப் பிடிக்க நேரமாகும். ஸ்டோரேஜ் பூலை பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் அமையுங்கள். 40 கன்டெய்னரும் ஒரே அசல் படத்தை (இமேஜ்) பகிர்ந்துகொள்ளும், அப்போதைய நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டை நொடியில் எடுக்கலாம். சாதாரண அடைவு முறையில் போட்டால் ஆளுக்கொரு முழு நகல் எடுக்கும். டிஸ்க் எங்கே போயிற்று என்று தேட வேண்டிவரும்.

ஒவ்வொன்றுக்கும் வரம்பு கட்டாயம் வேண்டும்: 512 எம்பி மெமரி, சிபியுவில் 20 சதவீதம், 200 பிராசஸ். மெமரி கணக்கைப் பார்த்து 20 ஜிபி வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். அது மேல்வரம்பு மட்டுமே; சும்மா இருக்கும் கன்டெய்னர் அதில் சிறு பங்கைத்தான் எடுக்கும். சிபியு வரம்பும் முக்கியம், ஆனால் அது எல்லாவற்றையும் பிடிக்காது. லினக்ஸ் பிரிட்ஜ் (மென்பொருள் சுவிட்ச்) ஒன்றில், வளையம் விழாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ இயல்பாக அணைந்தே இருக்கும். ஒரு பிள்ளை இரண்டு பிரிட்ஜுக்கு நடுவில் தெரியாமல் இரண்டு கேபிள் போட்டால் பிராட்காஸ்ட் புயல் கிளம்பும். அந்த ஒருவரால் மற்ற 39 பேரின் திரையும் தடுமாறலாம். அந்தப் பாக்கெட்டுகளைக் கையாள்வது கெர்னல் என்பதால் கன்டெய்னர் வரம்பு புயலை முழுதாக அடக்காது; அந்தக் கன்டெய்னரை நிறுத்த வேண்டியிருக்கும், அவருக்கும் அது பாடமாகும்.

இன்னொரு இடறலையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை வரை கன்டெய்னர்கள் ஒழுங்காக எழும். அதற்குப் பிறகு வருபவை அரைகுறையாக எழுந்து, திறந்த கோப்புகள் அதிகம் என்று புலம்பும். ரேம் காலியாகத்தான் இருக்கும். காரணம் கெர்னலின் இயல்பு வரம்புகள்: கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் ஐநோட்டிஃபை இன்ஸ்டன்ஸ் 128, கெர்னல் தன்னிடம் வைக்கும் கீ எண்ணிக்கை 200. இவை எல்லாக் கன்டெய்னருக்கும் பொது. கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கண்ட்ரோலில் இரண்டையும் பல மடங்கு உயர்த்துங்கள். ஏஆர்பி டேபிளின் உச்ச வரம்பு 1024 என்பதும் எல்லா நேம்ஸ்பேஸுக்கும் சேர்த்துத்தான். அதை 8192 ஆக்கி வையுங்கள்.

இனி வெளியிலிருந்து உள்ளே வரும் வழி. கல்லூரி இணைப்புக்குப் பெரும்பாலும் சொந்தப் பொது முகவரி இருக்காது. இருந்தாலும் ஃபயர்வாலைத் திறக்க யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அதனால் உள்ளிருந்து வெளியே போகும் பாதைதான் சுலபம். 1 ஜிபி ரேம் உள்ள மிகச் சிறிய விபிஎஸ் (இணையத்தில் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, லேப் சர்வரிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கம் போடுங்கள். பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 நொடி என்று வைக்க வேண்டும். இல்லையேல் சற்று நேரம் யாரும் பேசாமல் இருந்தால் நடுவில் முகவரியை மாற்றி அனுப்பும் நாட் அந்த வழியை மறந்துவிடும், பிறகு வெளியிலிருந்து தட்டினால் கதவு திறக்காது. விபிஎஸ்ஸில் ரோல் நம்பருக்கு ஒரு போர்ட்: 37 என்றால் 22037. அது நேராக அவருடைய கன்டெய்னரின் 22-க்குப் போகும்.

பாஸ்வேர்டு வேண்டாம், கீ மட்டும். பொது முகவரியில் எஸ்எஸ்எச் திறந்த அன்றே உலகம் முழுவதிலிருந்தும் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், மாணவர்கள் வைக்கும் பாஸ்வேர்டோ எப்போதும் ரோல் நம்பர்தான். போனில் லினக்ஸ் கட்டளைத் திரை தரும் டெர்மக்ஸ் ஆப்பை எஃப்-ட்ராய்டு ஆப் களஞ்சியத்திலிருந்து போன்களில் இறக்கச் சொல்லுங்கள். அதில் ஓபன்எஸ்எஸ்எச் போட்டு, கீ ஜோடி உருவாக்கி, பப் என்று முடியும் பொதுக் கீ கோப்பை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். இதை மூன்று முறை சொல்ல வேண்டும். எப்படியும் யாராவது பிரைவேட் கீயை வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் போடுவார்கள். போட்டால் திட்டுவதில் பயனில்லை, அந்த ஜோடியை அழித்துப் புதிதாக உருவாக்கச் சொல்ல வேண்டும். டெர்மக்ஸ் கீபோர்டுக்கு மேலே கன்ட்ரோல், எஸ்கேப், டேப் விசைகள் ஒரு வரிசையாக வரும். கன்ட்ரோல் சி இல்லாமல் பிங்கையோ, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பையோ நிறுத்த முடியாது என்பதால் முதல் நாளே அதைக் காட்டிவிடுங்கள்.

இணைப்பு அறுந்தாலும் சர்வரில் திரையை உயிரோடு வைத்திருக்கும் டீமக்ஸ் கட்டாயம். எல்லைப் பக்கம் போன் ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்குத் தாவிக்கொண்டே இருக்கும். வேலந்தாவளத்தில் வீட்டு முன்வாசலில் ஒரு டவர், பின்வாசலில் இன்னொன்று. போனின் ஐபி முகவரி மாறினால் எஸ்எஸ்எச் இணைப்பு அங்கேயே செத்துப்போகும். உள்ளே நுழைந்ததும் டீமக்ஸ் தானாகத் திறக்கும்படி வைத்துவிட்டால், இணைப்பு போனாலும் வேலை சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பி வந்தால் விட்ட இடம் கண்ணெதிரே இருக்கும்.

பயிற்சித் தாளை வேர்டிலும் பிடிஎஃப்பிலும் கொடுக்காதீர்கள். வேர்டு இரட்டைக் கோட்டை ஒற்றை நீளக் கோடாக மாற்றும், நேர் மேற்கோள் குறியை வளைந்த குறியாக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஷெல் ஒப்புக்கொள்ளாது. சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக அந்தந்தக் கன்டெய்னரிலேயே வைத்துவிடுங்கள். விளக்கம் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும், கட்டளையும் பிழைச் செய்தியும் திரையில் வருகிறபடியே இருக்கட்டும்.

பயிற்சிகளுக்கு வருவோம். முகவரித் திட்டத்திலேயே காப்பியை ஒழித்துவிடலாம். ரோல் நம்பர் 37 என்றால் அவருடைய உலகம் முழுக்க 10.37.0.0/16. மேக் முகவரியும் 02:00:00:00:37:01 என்று தொடங்கட்டும். முதல் பைட் 02 என்பது உள்ளூரில் நாமே கொடுத்த முகவரி என்பதற்கான அடையாளம், எந்தக் கம்பெனிக் கார்டோடும் மோதாது. பக்கத்து வீட்டுப் பையனின் பாக்கெட் கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தால் 10.36 என்று முதல் வரியிலேயே பல்லிளிக்கும்.

முதல் பயிற்சியில் இரண்டு நேம்ஸ்பேஸ், ஒரு கேபிள், இரண்டு முகவரி, பிங். இதிலேயே பாதிப் பேர் நிற்பார்கள். இன்டர்ஃபேஸுக்கு முகவரி கொடுத்தவர்கள் அதை அப் செய்திருக்க மாட்டார்கள். அடுத்து, தன் முகவரிக்கே பிங் போகவில்லை என்று வருவார்கள். புதிதாகப் பிறந்த நேம்ஸ்பேஸில் லூப்பேக் (தனக்குத் தானே பேசும் இன்டர்ஃபேஸ்) அணைந்திருக்கும், சொந்த முகவரிக்குப் போகும் பாக்கெட்டும் அது வழியாகத்தான் போகும். பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள்.

நடுவில் ரூட்டர் ஒன்றை வைக்கும் மூன்றாவது பயிற்சியில்தான் இந்தப் பாடத்தின் உயிரே இருக்கிறது. இதற்கு மட்டும் 6 மணி நேரம் ஒதுக்கலாம், தகும். இடப்பக்கம் 10.37.1.10, வலப்பக்கம் 10.37.2.10, நடுவில் இரண்டு கால் (இன்டர்ஃபேஸ்) உள்ள ரூட்டர். பிங் போகவில்லை என்றால் மூன்று விதமாகப் போகாது. மூன்றையும் தனித்தனியாக வரவழைத்துக் காட்ட வேண்டும்.

வெளியே போகும் வழியான கேட்வே கொடுக்காமல் தட்டினால், என்டர் தட்டிய கணத்தில் நெட்வொர்க் ஈஸ் அன்ரீச்சபிள் என்று வரும். பாக்கெட் பிறக்கவே இல்லை; டிசிபிடம்ப்பில் ஒரு வரியும் தெரியாது. கேட்வே கொடுத்திருக்கிறோம், ஆனால் அந்த முகவரியில் ஆளே இல்லை என்றால் ஏறக்குறைய மூன்று நொடி கழித்து டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள் வரும். அந்த மூன்று நொடியில் என்ன நடந்தது என்பதை இன்னொரு டீமக்ஸ் ஜன்னலில் பார்க்கச் சொல்லுங்கள். 10.37.1.1 யார், 10.37.1.10-க்குச் சொல் என்ற ஏஆர்பி கேள்வி நொடிக்கொன்றாக மூன்று முறை போகும், பதில் வராது, பிறகு கெர்னல் கைவிடும். அந்தச் செய்தியை அனுப்பியது யார் என்று கேளுங்கள். அதில் இருக்கும் முகவரி மாணவரின் சொந்த இயந்திரத்துடையது. தூரத்து ரூட்டர் எதுவும் அதைச் சொல்லவில்லை.

மூன்றாவது வகை மௌனம். எந்தப் பிழையும் வராது, பதிலும் வராது. இதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். ரூட்டரில் ஐபி ஃபார்வர்டு 0 ஆக இருக்கலாம் (புதிய நேம்ஸ்பேஸ் ஹோஸ்ட்டின் மதிப்பை எடுத்துக்கொள்ளும் என்பதால், காட்டுவதற்கு நீங்களே 0 ஆக்க வேண்டியிருக்கும்). அதை 1 ஆக்காவிட்டால் ஒரு காலில் வந்த பாக்கெட் மறு காலில் போகாது. அல்லது போன பாக்கெட் போய்விட்டது, வலப்பக்க இயந்திரத்துக்குத் திரும்பும் வழி தெரியவில்லை. எது என்று ஊகிக்கக் கூடாது. ரூட்டரின் இரண்டு காலிலும் டிசிபிடம்ப் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் காலில் மட்டும் கேள்வி தெரிந்தால் ஃபார்வர்டு. இரண்டு காலிலும் கேள்வி தெரிந்து பதில் எங்கும் தெரியாவிட்டால் வலப்பக்கத்தின் ரூட்டிங் டேபிள். பிங் என்பது போகவும் வரவும் இரண்டு பயணம் என்பதை எத்தனை ஸ்லைடு போட்டாலும் மனதில் ஏற்ற முடியாது, இந்த இரண்டு ஜன்னல் ஏற்றிவிடும். டிசிபிடம்ப்புக்கு மைனஸ் என் போடச் சொல்ல மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அது ஒவ்வொரு முகவரிக்கும் பெயர் தேடப் போய், டிஎன்எஸ் இல்லாத நேம்ஸ்பேஸில் தட்டுத்தடுமாறி நிற்கும், மாணவர் பாக்கெட் வரவில்லை என்று முடிவு கட்டிவிடுவார். கன்டெய்னரின் வெளி இன்டர்ஃபேஸில் தப்பித் தவறி டிசிபிடம்ப் ஓட்டினால் எஸ்எஸ்எச் பாக்கெட்டைக் காட்ட எஸ்எஸ்எச் பாக்கெட் போய், அதைக் காட்ட இன்னொன்று போய், திரை அருவியாகக் கொட்டும். 22-ஆம் போர்ட்டைத் தவிர்த்து வடிகட்டச் சொல்ல வேண்டும்.

சப்நெட் மாஸ்க் தவறைக் காட்ட ஒரு நல்ல பொறி உண்டு. ஒரே சுவிட்சில் ஒருவர் 10.37.1.10/24, இன்னொருவர் 10.37.1.200/25, ரூட்டர் 10.37.1.254/24. மாஸ்க் பொருந்தவில்லை, ஆனாலும் பிங் போகும். முதலாமவர் இரண்டாமவரை அண்டை வீட்டார் என்று நினைத்து நேரே அனுப்புகிறார். இரண்டாமவர் முதலாமவரை வெளியூர் என்று நினைத்து ரூட்டரிடம் கொடுக்கிறார். பதில் சுற்றிக்கொண்டு வருகிறது. பிங் வந்துவிட்டது என்று ரெக்கார்டில் எழுதி முடித்தவரிடம், ரூட்டரை அணைத்துவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

சுவிட்ச் பயிற்சிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்ஜ் கற்றுக்கொண்ட மேக் முகவரியை 300 நொடி வைத்திருக்கும், ஸ்பானிங் ட்ரீயை இயக்கினால் புதிய போர்ட் 15 நொடி கேட்டு 15 நொடி கற்றுப் பிறகுதான் பாக்கெட்டை விடும். அந்த 30 நொடியில் பொறுமை இழந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி தொடங்குபவர்கள் நிறைய. கடிகாரம் பார்க்கச் சொல்லுங்கள்.

டிசிபி பயிற்சிக்கு, கேபிளில் தாமதமும் இழப்பும் செயற்கையாக உண்டாக்கும் நெட்டெம். ஒரு கேபிளில் 100 மில்லிநொடி தாமதமும் 2 சதவீத இழப்பும் வைத்து வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டினால் வேகம் எப்படி விழுகிறது என்பதைக் கண்ணால் காணலாம். பதில் வருவதற்குள் அனுப்பக்கூடிய அளவான விண்டோவை 64 கேபியில் கட்டிப்போட்டு, இழப்பு இல்லாமல் 100 மில்லிநொடி மட்டும் வைத்தால், கேபிள் எத்தனை பெரிதானாலும் நொடிக்கு 5 மெகாபிட்டைச் சுற்றியே நிற்கும். 65,536 பைட்டை எட்டால் பெருக்கி 0.1-ஆல் வகுத்துப் பார்க்கட்டும், 5.24 வரும். நெட்டெம் வெளியே போகும் பாக்கெட்டை மட்டுமே தாமதிக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். இரு முனையிலும் 100 வைத்தவருக்கு பிங் 200 காட்டும். இன்னொன்று: நெட்டெம் மாட்யூலைக் கன்டெய்னருக்குள்ளிருந்து ஏற்ற முடியாது. சர்வர் எழும்போதே ஏறும்படி ஹோஸ்ட்டில் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 40 பேரிடமிருந்தும் ஒரே புகார் வரும்.

எம்டியு (ஒரே துண்டாகப் போகக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு) பயிற்சியைப் பாடத்திட்டத்தில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும், ஏனென்றால் வேலைக்குப் போன முதல் வருடத்திலேயே எதிர்ப்படும் கோளாறு அது. நடுக் கேபிளை 1400 ஆக்கி, பாக்கெட்டைத் துண்டாக்க வேண்டும் என்று சொல்லும் ஐசிஎம்பி செய்தியை மட்டும் ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள். சாதா பிங் போகும், லாகின் ஆகும், பெரிய கோப்பு இறக்கினால் மட்டும் தொங்கி நிற்கும். துண்டாக்காதே என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்பினால் தலைப்புகள் 28 சேர்ந்து 1500, போகாது. 1372 போகும். பிபிபிஓஇ என்ற லாகின் முறை வழி ஃபைபர் உள்ள வீடுகளில் இதையே வெளியே செய்து பார்க்கலாம். அங்கே எம்டியு 1492, ஆகவே 1464 வரை போகும்.

டிஎன்எஸ்ஸில் ஒரு கண்ணி. உபுண்டு கன்டெய்னரில் பெயர் தேடும் முகவரி 127.0.0.53. நேம்ஸ்பேஸுக்குள் போனதும் லூப்பேக் வேறு, அந்த முகவரியில் கேட்பாரில்லை. அந்தந்த நேம்ஸ்பேஸின் பெயரில் தனி ரிசால்வ் கோப்பு வைக்க வேண்டும். தானாக ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி பயிற்சியில் எச்சரிக்கை ஒன்றே ஒன்று: மாணவர் கன்டெய்னரைக் கல்லூரி லேனோடு எக்காரணம் கொண்டும் பிரிட்ஜ் செய்யாதீர்கள். ஒருவர் ஓட்டிய டிஎன்எஸ்மாஸ்க் என்ற டிஹெச்சிபி சர்வர் பிரின்ஸிபால் அறைக் கம்ப்யூட்டருக்கு 10.37 முகவரி கொடுத்தால் அதோடு இந்த லேப்பை மூடிவிடுவார்கள்.

கரண்ட் போனால் சர்வர் மறுபடி எழும், நேம்ஸ்பேஸ் எதுவும் எழாது. அவை நினைவகத்தில் மட்டும் வாழ்பவை. ஆகவே கட்டளைகளை ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி, அதை ஓட்டித்தான் லேப்பைக் கட்ட வேண்டும் என்பது விதியாக இருக்கட்டும். பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானே எழும் அமைப்பை இயக்குங்கள். அதைச் செய்யாவிட்டால் சனிக்கிழமை போன கரண்டுக்குத் திங்கட்கிழமை வாட்ச்மேன் வந்துதான் பட்டனை அமுக்க வேண்டும். 600 விஏ யுபிஎஸ் போதும், நெட்வொர்க் சுவிட்சையும் ஃபைபர் பெட்டியையும் அதிலேயே சொருகுங்கள். சர்வர் ஓடி, பெட்டி அணைந்தால் என்ன லாபம்? துலாவர்ஷ இடிக்கு, கட்டடங்களுக்கு நடுவே போகும் செப்பு லேன் கேபிள்தான் வழி. அந்தத் துண்டை மட்டும் ஃபைபராக்கி, இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் வைத்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து கற்க முடியாத ஒன்றும் உண்டு: கிரிம்பிங். அதற்கு ஒரு நாள், 3 மணி நேரம், நேரில். ஆளுக்கு 2 மீட்டர் கேட் 5இ, 4 ஆர்ஜே45 கனெக்டர்; எப்படியும் இரண்டு வீணாகும். டி568பி வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி 3-இலும் 6-இலும் பிரிந்து உட்காருவது பலருக்கு அபத்தமாகத் தோன்றி, ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுவார்கள். இரு முனையிலும் அப்படியே அடுக்கினால் எல்இடி டெஸ்டரில் எட்டும் பச்சை எரியும். ஆனால் 3-உம் 6-உம் வெவ்வேறு முறுக்கில் இருப்பதால் சிக்னல் ஒன்றோடொன்று கலந்து, சுவிட்சில் பிழைக் கணக்கு ஏறும், நீளக் கேபிளில் லிங்க்கே விழும். டெஸ்டர் பச்சை என்றால் கேபிள் நல்லது என்று கையெழுத்துப் போடும் லேப் எல்லா ஊரிலும் இருக்கிறது.

மதிப்பெண் முறைதான் உங்கள் கையில் இருப்பது, நாங்கள் கேட்பதும் அதையே. ரெக்கார்டு நோட்டுக்குப் பதிலாக இரண்டு கோப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்: லேப்பைக் கட்டும் ஸ்கிரிப்ட், 200 பாக்கெட்டோடு நிற்கும் டிசிபிடம்ப் கோப்பு. பாக்கெட்டுக்கு 96 பைட் மட்டும் பிடித்தால் தலைப்புகள் எல்லாம் அடங்கிவிடும். கோப்பு 22 கேபியைத் தாண்டாது, எந்தச் சிக்னலிலும் அனுப்பலாம். ஆசிரியர் தன் கம்ப்யூட்டரில் பாக்கெட்டுகளைப் படிக்க உதவும் வயர்ஷார்க்கில் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு பயிற்சியும் 7 நாள் திறந்திருக்கட்டும். குறிப்பிட்ட நேரத்தில் எல்லாரும் ஆன்லைனில் இருக்க வேண்டும் என்று விதித்தால், எஸ்டேட் லயத்தில் ஒரே போனை அண்ணனும் தங்கையும் பகிரும் வீடு விடுபட்டுப்போகும்.

தேர்வு நேரில் நடக்கட்டும், 45 நிமிடம். ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க் ஒன்றை ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்பி, மூன்று இடத்தில் உடைத்துக் கொடுங்கள்: ஒரு மாஸ்க், ஒரு திரும்பும் ரூட், ஒரு ஃபயர்வால் வரி. சரிசெய்ததற்குப் பாதி மார்க், எப்படிக் கண்டுபிடித்தார் என்பதற்குப் பாதி. எந்த ஜன்னலில் என்ன பார்த்து எதை விலக்கினார் என்று வரிசையாக எழுத வேண்டும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மனப்பாட ஸ்கிரிப்டை ஓட்டி பிங் வரவழைத்தால் பாதி மார்க் மட்டுமே. இப்போதைய வினாத்தாள் முறை டோப்பாலஜி (நெட்வொர்க் அமைப்பு) ஒன்றைக் கட்டிக் காட்டச் சொல்வதோடு நிற்கிறது. அதை மனப்பாடம் செய்து தேறிவிடலாம்.

போர்டு ஆஃப் ஸ்டடீஸிடம் கேட்பது: 30 மணி நேரத்தில் 24-ஐ இந்த முறையில் செய்யலாம், மேற்சொன்ன இரண்டு கோப்பும் செய்முறைச் சான்றாகச் செல்லும், தேர்வில் உடைத்துத் தரும் வினா ஒன்று கட்டாயம் என்று ஒரு சுற்றறிக்கை. முதல்வர்களிடம் கேட்பது: ஸ்டோர் ரூம் டெஸ்க்டாப் ஒன்று, யுபிஎஸ், விபிஎஸ் வாடகைக்கு ஒப்புதல், லேப் அசிஸ்டென்ட்டுக்கு வாரம் 2 மணி நேரம். அந்த 2 மணி நேரத்தை வேலைக் கணக்கில் எழுதுங்கள். எழுதாவிட்டால் முதல் செமஸ்டர் உற்சாகத்தில் ஓடும் சர்வர் இரண்டாம் செமஸ்டரில் அப்டேட் இல்லாமல் கிடக்கும்.

கன்டெய்னர் படம், பயிற்சித் தாள்கள், உடைக்கும் ஸ்கிரிப்ட், திருத்தும் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் பென்டிரைவில் தரத் தயாராக இருக்கிறோம். டெஸ்க்டாப்பை ஒதுக்கியதும் அதில் பழைய தேர்வுப் பிரிவுக் கோப்பு எதுவும் இல்லை என்று பார்த்து, டிஸ்க்கை முழுவதும் அழித்து வையுங்கள். ஓணம் விடுமுறைக்கு முன் ஒரு வகுப்பை இதில் ஏற்றிப் பார்த்தால், துலாவர்ஷம் வருவதற்குள் கோளாறுகள் வெளியே வந்துவிடும்.

இப்படிக்கு,
எல்லைத் தாலுகாக்களின் நெட்வொர்க்கிங் ஆசிரியர்களும் லேப் பராமரிப்பாளர்களும்